கைவலத்தில் விழுந்த இறக்கை

2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, சனிக்கிழமை காலை, என் மகள் வடிவமைத்த விமானத்தைப் பற்றி ஒரு மதிப்புரை வெளியாயிற்று. ‘இடது இறக்கை விழுந்தது’ என்று அதில் எழுதியிருந்தது. எதனால் விழுந்தது, எந்தக் கட்டைகளைக் கொண்டு கட்டியபோது விழுந்தது என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. என் புகார் இதுதான். இதற்குப் பிறகு எத்தனையோ நடந்துவிட்டன. மதிப்புரை எழுதியவரும் நானும் இப்போது ஒரே மேசையில் தேநீர் குடிக்கிறோம். இருந்தும் புகாரை நான் திரும்பப் பெறவில்லை.

விவரம் அறியாதவர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். கட்டைகள் என்று நான் குறிப்பிடுவது, மேலே குமிழும் கீழே குழியுமாக ஒன்றன்மேல் ஒன்று அழுந்திப் பொருந்தும் பிளாஸ்டிக் கட்டைகளை. குழந்தைகள் வீடு கட்டிவிட்டுத் தரையிலேயே விட்டுப் போவார்கள். வெறுங்காலோடு நடக்கும் தகப்பன்மார் அலறுவார்கள். அந்தக் கட்டைகளேதான். அவற்றைக் கொண்டு விமானங்களை மட்டுமே கட்டும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சங்கமும் சங்கத்துக்கு ஓர் இணையப் பக்கமும் உண்டு. ஒருவர் புதிதாக ஒரு விமானத்தை வடிவமைத்தால், கட்டும் முறையைப் படிப்படியாகக் காட்டும் வழிகாட்டிப் புத்தகத்தைச் சங்கத்துக்கு அனுப்புவார். மதிப்புரையாளர் தம்மிடமுள்ள கட்டைகளைக் கொண்டு அதைக் கட்டிப் பார்த்து எழுதுவார்.

வெறுமனே கட்டிப் பார்த்தால் போதாது. கட்டிய விமானத்தை வயிற்றுப் பக்கமாக ஒரே கையால் தூக்கிப் பிடித்து, அறையை ஒரு முறை சுற்றி வர வேண்டும். ஏறவேண்டும், இறங்கவேண்டும், ஒருபக்கமாகச் சாய்ந்து திரும்பவேண்டும். சுற்றி முடிப்பதற்குள் ஏதாவது கழன்று விழுந்தால் அதை எழுதியாக வேண்டும். சுற்றும்போது வாயால் இயந்திரச் சத்தம் எழுப்ப வேண்டும் என்பதும் விதி. வங்கி மேலாளர்களும் வழக்கறிஞர்களும் இதைக் கூச்சமின்றிச் செய்கிறார்கள். இச்செயலுக்கு அவர்கள் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு சொல்லை வைத்திருந்தார்கள். அது காற்றுப் போன டயரின் ஒலிபோல் என் காதில் விழுந்தது. ‘கைவலம்’ என்ற சொல்லை நான்தான் எழுதி அனுப்பினேன். சங்கம் ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து சங்கப் பக்கத்தின் மொழியைத் திருத்தும் வேலையும் என் தலையில் விழுந்தது. ‘செம்ம மாஸ் விமானம்’ என்று எழுதுகிறவர்களை நெறிப்படுத்துவது எளிதன்று. பள்ளியில் முப்பது பேரை மேய்த்ததைவிட இது கடினம்.

என் மகள் செவிலியர். மருத்துவமனையில் இருப்பதைவிட ஆகாயத்தில் இருக்கும் நேரம் அவளுக்கு அதிகம். தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து நோயாளிகளைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுவரும் சிறு விமானத்தில் அவளுக்குப் பணி. சங்கத்தில் இருப்பவர்கள் போர் விமானங்களையும் பயணிகள் விமானங்களையும் கட்டிக்கொண்டிருக்க, அவள் தான் வேலை செய்யும் விமானத்தையே கட்டினாள். உடலின் மேல் அமர்ந்த நீண்ட இறக்கை, இரண்டு சுழலிகள், பக்கவாட்டில் அகலமான கதவு. கூரையை மூடிபோல் எடுத்தால் உள்ளே நோயாளிப் படுக்கை, பிராணவாயு உருளை, மருந்துப் பெட்டி, படுக்கையை நோக்கித் திரும்பிய ஒற்றை இருக்கை. அந்த இருக்கையில் நீலச் சட்டையோடு ஒரு சிறு பொம்மை. அது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

ஆண்டுதோறும் சங்கம் ஒரு வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்து, அதைப் பெட்டிகளாக்கி, மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளுக்கு அனுப்புகிறது. என் மகள் குறிவைத்தது அதைத்தான். விமானத்தில் ஏற்றப்படும் குழந்தைகளில் பெரும்பாலோர் ஊசிக்குக்கூட அவ்வளவு அழுவதில்லையாம். கதவு திறந்து உள்ளிருக்கும் இருட்டைக் கண்டதும்தான் அழுகிறார்களாம். உள்ளே என்ன இருக்கிறது என்பதை முந்தைய நாளே தங்கள் கையால் கட்டிப் பார்த்துவிட்டால் அழுகை குறையும் என்பது அவள் எண்ணம். இரண்டு ஆண்டுகளாக விடுமுறை நாள்களையெல்லாம் இதற்கே செலவிட்டாள். வழிகாட்டிப் புத்தகம் முழுவதும் படங்களே. ஒரு வினைமுற்றுகூட இல்லாத நூல் ஒன்று என் வீட்டில் உருவாவதைப் பொறுத்துக்கொண்டு, முன்னுரை ஒன்றை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

மதிப்புரை எழுதியவர் சங்கத்தில் ‘கழுகு’ என்ற புனைபெயரில் உலவுபவர். அவர் சொன்னால் தேர்வுக்குழு கேட்கும். அவருடைய மதிப்புரை நான்கே வாக்கியங்கள். வடிவம் அழகு என்றார். கதவு நேர்த்தி என்றார். மூன்றாவது வாக்கியத்தில் இறக்கை விழுந்தது. நான்காவதில், ‘குழந்தைகளுக்கு அனுப்பும் நிலையில் இது இல்லை’ என்று முடித்துவிட்டார். ஒரு மனிதரின் இரண்டு ஆண்டு உழைப்பை நான்கு வாக்கியங்களில் முடித்தவர், அவற்றுள் ஒன்றிலாவது காரணத்தைச் சொல்லியிருக்கலாம்.

மகள் அன்று பணி முடிந்து வந்து படித்தாள். தன் விமானத்தை எடுத்துக் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். எதுவும் விழவில்லை. மறுபடியும் சுற்றினாள், வேண்டுமென்றே உலுக்கினாள். இறக்கை அசையவில்லை. என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, பறந்தது போதும், கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட வா என்றாள். மகள் சாப்பிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். நான் சாப்பிடவில்லை.

மதிப்புரையோடு ஒரு நிழற்படம் இருந்தது: விழுந்த இறக்கையும் இடது இறக்கை இழந்த விமானமும். மறுநாள் காலை அதைக் கணினியில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, போதாததற்குப் பூதக்கண்ணாடியையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். விடைத்தாள் திருத்தியவன் கண்ணுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிழை எங்கே என்று தேடாது, எது மற்றவற்றைப்போல் இல்லை என்று தேடும். விமானம் முழுவதும் சாம்பல் நிறக் கட்டைகள். எல்லாவற்றின் மீதும் சன்னல் வெளிச்சம் பட்டு மின்னியது. இறக்கை உடலோடு சேரும் இடத்தில் மட்டும் மின்னவில்லை. அங்கிருந்த கட்டைகள் சாம்பலாகத்தான் இருந்தன. ஆனால் சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கியிருந்தன. குமிழ்களின் விளிம்புகூட மழுங்கித் தெரிந்தது.

மகளை அழைத்துக் காட்டினேன். அவள் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். தேய்ந்த கட்டைகள் என்றாள். கட்டைகள் தேய்ந்தால் பிடிப்புப் போய்விடும், ஒன்றையொன்று கவ்வாது. அப்படிப்பட்ட கட்டைகளைக் கொண்டு இறக்கையைப் பொருத்திவிட்டு, இறக்கை விழுந்தது என்று எழுதுவது, ஆணியே இல்லாமல் நாற்காலி செய்து, வரைபடம் தந்தவனைக் குறை சொல்வதற்கு ஒப்பாகும். இதை அப்படியே எழுதிச் சங்கத்துக்கு அனுப்பப் போகிறேன் என்றேன். மனைவி வந்து படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“என்னங்க, அந்த மனுஷன் என்ன கொலையா பண்ணிட்டார்? போன் பண்ணிக் கேளுங்க. எழுத ஆரம்பிச்சீங்கன்னா நீங்க பத்துப் பக்கத்துக்குக் கம்மியா நிறுத்த மாட்டீங்க.”

தொலைபேசியில் பேசினேன். கழுகு என்பவர் பல் மருத்துவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. குரலில் பணிவு இருந்தது. தம் சேகரிப்பில் தேய்ந்த கட்டை ஒன்றுகூடக் கிடையாது, எல்லாவற்றையும் நிறம்வாரியாகப் பிரித்து மூடிய தட்டுகளில் வைத்திருப்பதாகச் சொன்னார். அப்படியானால் படத்தில் இருப்பது என்ன என்று கேட்டேன். முடிந்தால் அடுத்த ஞாயிறு பிற்பகல் நேரில் வாருங்கள் என்றார். மகளையும் அழைத்துக்கொண்டு போனேன்.

அவருடைய மருத்துவமனை ஒரு மருந்துக் கடைக்கு மாடியில் இருந்தது. அன்று நோயாளிகள் இல்லை. காத்திருப்போர் அறையில் வரிசையாக நாற்காலிகள், மூலையில் குழந்தைகளுக்கான குட்டி மேசை, அதன்மேல் ஒரு நீலத் தொட்டி நிறையக் கட்டைகள். உள்ளே சிகிச்சை நாற்காலிக்குப் பக்கத்திலிருந்த அறையில்தான் அவர் விமானங்களைக் கட்டுகிறார். சுவர் முழுவதும் அலமாரி, அலமாரி முழுவதும் விமானம். மெலிந்த மனிதர், கையுறை போட்டுப் போட்டு விரல்கள் வெளிறியிருந்தன. என் மகளின் விமானத்தை அவர் இன்னும் கலைக்கவில்லை. விழுந்த இறக்கையை ஒரு வெள்ளைத் துணிமேல் வைத்திருந்தார். பிடுங்கிய பல்லை வைப்பதுபோலவே இருந்தது.

அவருடைய அக்காதான் அங்கே வரவேற்பு, கணக்கு, துப்புரவு எல்லாம். நாங்கள் உட்காருவதற்கு முன்பே அவர் பேசத் தொடங்கிவிட்டார். தம்பிக்குப் பகலில் மற்றவர் வாயில் வேலை, சாயங்காலம் தன் வாயால் ‘உர்ர்’ என்று சத்தம் போடுவது வேலை. இவனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்களெல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் படியிறங்கிப் போனார்கள் என்றார். மருத்துவர் தலையைக் குனிந்துகொண்டே இறக்கையின் அடிப்பகுதியைப் பிரித்தார். நான் படத்தில் கண்ட மங்கிய கட்டைகள் அவர் உள்ளங்கையில் உதிர்ந்தன. அழுத்தவே தேவையிருக்கவில்லை.

அவர் அவற்றைச் சாம்பல் நிறத் தட்டிலுள்ள மற்ற கட்டைகளோடு வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து காத்திருப்போர் அறைக்குப் போய், நீலத் தொட்டியிலிருந்து ஒரு பிடி அள்ளிவந்தார். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

“அக்கா, தொட்டில இருக்கிறதக் கழுவிட்டு எங்க போட்ட?”

“எங்க போடுவாங்க? காயவெச்சேன். சாம்பலா இருந்ததெல்லாம் உன்னோடதுன்னு நெனச்சு உன் தட்டுல போட்டேன். நீதானே கலர் கலராப் பிரிச்சு வைன்னு உயிர எடுப்ப?”

நடந்தது இவ்வளவுதான். குழந்தைகள் விளையாடி எச்சில்படுத்தும் கட்டைகளை அக்கா நாள்தோறும் கிருமிநாசினியில் ஊறவைத்துச் சுடுநீரில் அலசுகிறார். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அப்படி ஊறிய கட்டைகள் வழவழப்பும் பிடிப்பும் இழந்துவிட்டன. அவற்றில் சில தம்பியின் தட்டுக்குள் வந்து சேர்ந்தன. அவர் கவனிக்கவில்லை. வெளித்தோற்றத்துக்கு மெருகு குறையாத கட்டைகளையே தேடியெடுத்துப் பழகிய கை, உள்ளே மறையும் இடத்துக்கு மட்டும் கிடைத்ததைப் போட்டிருக்கிறது. என் மகளின் தவறு இதில் எதுவுமில்லை என்று நான் எழுந்து நின்று சொன்னேன். உட்கார்ந்து சொல்லியிருக்கலாம்; அந்த அறையில் எழுந்து நின்றால் தலையில் ஒரு விமானம் இடிக்கிறது.

மருத்துவர் மறுக்கவில்லை. தவறு தம்முடையதே என்றார். “மதிப்புரைய இன்னிக்கே எடுத்துடறேன் சார். நல்ல கட்டைல திரும்பக் கட்டி, புதுசா எழுதறேன். தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கு. இந்த விமானம் தேறிடும்.”

எனக்கு வேண்டியது அதுதான். மன்னிப்பை எப்படி எழுத வேண்டும் என்றுகூட மனத்துக்குள் வாக்கியம் அமைக்கத் தொடங்கிவிட்டேன். மகளோ, கழுவிய கட்டைகளில் இரண்டை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். அக்காவிடம் திரும்பி, எந்த மருந்தில் ஊறவைக்கிறீர்கள், எவ்வளவு நேரம் ஊறவைக்கிறீர்கள் என்று கேட்டாள். அக்கா சொன்னார். மகள் தலையசைத்தாள்.

“எங்க வார்டுலயும் இதேதான் அக்கா. இதே மருந்து, இதே சுடுதண்ணி.” பிறகு மருத்துவரைப் பார்த்தாள். “எடுக்காதீங்க டாக்டர். அது அப்படியே இருக்கட்டும்.”

மருத்துவர் புரியாமல் என்னைப் பார்த்தார். நானும் புரியாமல்தான் இருந்தேன்.

“பெட்டி புதுசா போகும். ஒரு மாசம்தான். அப்புறம் தினம் கழுவுவாங்க, இதே மாதிரி ஆயிடும். நீங்க கட்டினதுதான் சரியான சோதனை. நான்தான் புதுக் கட்டைய வெச்சே கட்டிப் பார்த்துட்டிருந்திருக்கேன்.”

சங்கத்தில் ஒரு விதி உண்டு. மதிப்புரை வெளியான பிறகு வடிவமைப்பில் மாற்றம் செய்தால் அது புதிய வடிவமைப்பாகக் கருதப்படும். அந்த ஆண்டுத் தேர்வில் இடம்பெறாது. மருத்துவர் இதை நினைவூட்டினார். இறக்கையை மாற்றினால் ஓராண்டு போய்விடும். மாற்றாமல் விட்டுவிட்டுத் தாம் மதிப்புரையைத் திருத்தினால் இவ்வாண்டே பெட்டி போய்ச் சேரும். மகள் தெரியும் என்றாள். அக்கா எங்களுக்குத் தேநீர் வைக்கப் போனார். நான் மட்டும் பேசினேன். என்ன பேசினேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. நியாயம் நம் பக்கம் இருக்கும்போது தோல்வியை விரும்பி வாங்கிக்கொள்வதைப் பற்றியது அது.

திரும்பும்போது பேருந்தில் கூட்டமில்லை. அவள் சன்னலோரம் உட்கார்ந்தாள். நான் பக்கத்து இருக்கையில் உட்காராமல் பின்னால் போய் உட்கார்ந்தேன். நான்கு நிறுத்தம் கடந்ததும் அவளே எழுந்து வந்து பக்கத்தில் அமர்ந்தாள்.

“அப்பா, ஒரு குழந்தை இதக் கட்டுது. தூக்குது. இறக்கை கழண்டு விழுது. மறுநாள் காலைல அதே மாதிரி விமானத்துல அதை ஏத்தணும். கதவுகிட்ட நான்தான் நிப்பேன். என்ன சொல்லி ஏத்துறது?”

நான் வெளியே பார்த்தேன். பேருந்து நின்றது, யாரோ இறங்கினார்கள், கதவு மூடியது.

மதிப்புரை அப்படியே நின்றது. வேறொருவருடைய போர் விமானம் அவ்வாண்டு தேர்வாயிற்று. குழந்தைகள் பிரிவுகளுக்கு ஏவுகணையோடு ஒரு விமானம் போய்ச் சேர்ந்தது. அதைப் பற்றி எனக்குள்ள கருத்தைச் சங்கத்துக்கு எழுதியிருக்கிறேன், ஒப்புகைகூட வரவில்லை.

அதன் பிறகு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை கட்டைகளின் வசமாயிற்று. மருத்துவர் தம் நீலத் தொட்டியிலிருந்து பாதியை ஒரு பையில் போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார். கழுவிய கட்டைகளைக் கொண்டே இறக்கையை நிறுத்த வேண்டும் என்பது மகளின் பிடிவாதம். இறக்கையை அகலமாக்கினாள், விழுந்தது. கட்டைகளை இணைக்கும் பின்களைக் கூட்டினாள், கொஞ்சம் தாங்கிப் பிறகு விழுந்தது. பசை போட்டால் என்ன என்று என் மனைவி கேட்டாள். மகள் முகம் போன போக்கைப் பார்த்து, நான் எதுவும் கேட்கவில்லை என்று உடனே சொல்லிவிட்டாள். பசை என்ற சொல்லை அவர்கள் கூட்டத்தில் உச்சரிக்கக்கூடாது. சர்க்கரை டப்பாவில் ஒரு சுழலி கிடைத்த நாளன்று மட்டும் மனைவி, இந்த வீட்டில் மனுஷர்களுக்கு ஒரு மேசை, விமானத்துக்கு ஒரு மேசை என்று பிரித்துவிடுங்கள் என்று கோபப்பட்டாள். பிறகு அந்தச் சுழலியைக் கழுவி அவளே எடுத்து வைத்தாள்.

வழி ஒன்றுதான் என்று கடைசியில் தெரிந்தது. கூரையின் அடியில் குறுக்கே ஒரு நீண்ட உத்தரம் போக வேண்டும். அந்த உத்தரத்தை விமானத்தின் தரையிலிருந்து ஒரு தூண் தாங்க வேண்டும். அப்படிச் செய்தால் இறக்கையின் பாரம் கட்டைகளின் பிடிப்பில் தொங்காமல் தரையில் போய் நிற்கும். தூண் நிற்க வேண்டிய இடமோ விமானத்தின் நடுவில். சரியாக அங்கேதான் நீலச் சட்டைப் பொம்மையின் இருக்கை இருந்தது.

படுக்கையைச் சுருக்கலாமே என்றேன். குழந்தை முதலில் பார்ப்பது படுக்கையைத்தான், காலை நீட்ட இடமில்லாமல் இருந்தால் பயப்படும் என்றாள். மருந்துப் பெட்டியை எடுக்கலாமே என்றேன். பெட்டியை எடுத்தாலும் இருக்கைக்கு இடம் போதாது. அவள் இருக்கையைப் பிடுங்கி மேசையில் வைத்தாள். அவ்வளவு எளிதாக.

எனக்குப் பொறுக்கவில்லை. அந்த விமானத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த ஓர் இடம். நோயாளிக்குப் படுக்கை உண்டு, விமானிக்கு இருக்கை உண்டு, உருளைக்கும் பெட்டிக்கும்கூட இடம் உண்டு. உயிரைக் காப்பாற்றுகிறவளுக்கு மட்டும் இடமில்லை என்றால் அது என்ன விமானம் என்று கேட்டேன். குரல் சற்று உயர்ந்திருக்கும். நீயில்லாத விமானத்தைக் கட்டவா இரண்டு ஆண்டு உட்கார்ந்தாய் என்றும் கேட்டேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, கோபமும் இல்லை.

“நான் உட்கார்றதே இல்லப்பா. ஏறும்போது, இறங்கும்போது பெல்ட்டு போட்டு உட்காரச் சொல்வாங்க, உட்காருவேன். நடுவுல பூரா முட்டி போட்டுத்தான். படுத்திருக்கிறவங்க முகம் அந்த உயரத்துலதான் தெரியும்.”

அடுக்களை வாசலில் நின்றிருந்த மனைவி சொன்னாள். “உங்களுக்குத் தெரியாதா? ராத்திரி அவ முட்டிக்கு நான்தானே மருந்து தடவிவிடறேன்.”

மாடிப்படி ஏறுவதால் வரும் வலி என்றுதான் நான் இத்தனை காலமும் எண்ணியிருந்தேன். அப்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை; நானே முடிவு செய்துகொண்டேன். அந்த இருக்கையில் நீலச் சட்டைப் பொம்மையைக் காணும்போதெல்லாம் மகள் உட்கார்ந்தபடியே ஊர் ஊராகப் போய் வருவதாக ஒரு படம் என் மனத்தில் இருந்தது. மேசைமேல் கிடந்த இருக்கையைக் கட்டைப் பெட்டிக்குள் போட்டேன். அதற்குமேல் வாதாடவில்லை.

அந்தப் பொம்மைகளுக்கு முட்டி மடங்காது. நிற்கும், அல்லது உட்காரும், மண்டியிடாது. ஆகவே மகள் அதைப் படுக்கையின் அருகே நிறுத்தினாள். நின்றால் கைவலத்தின்போது சரிந்துவிடும். தூணின் ஒரு பகுதியைக் கட்டையால் அமைக்காமல் கட்டைகளோடு வரும் மெல்லிய கம்பியால் அமைத்தாள். பொம்மையின் கை வளைவாக இருப்பதால் கம்பியைக் கவ்விக்கொண்டது. ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, படுக்கையை நோக்கிச் சற்றே சாய்ந்து நின்றது. உண்மையான விமானத்திலும் இப்படி ஒரு கம்பி இருந்தால் எவ்வளவோ நன்றாயிருக்கும், மேலதிகாரியிடம் இந்தப் பொம்மையைக் காட்டிக் கேட்கப் போகிறேன் என்றாள். அவர் பொம்மையைப் பார்த்துவிட்டு உனக்கு மனநல விடுப்புக் கொடுப்பார் என்றாள் அவள் அம்மா.

சோதித்துப் பார்ப்பதற்கு மருத்துவரும் அக்காவும் ஒரு மாலை வீட்டுக்கு வந்தார்கள். முழுவதும் கழுவிய கட்டைகளால் மருத்துவரே எங்கள் மேசையில் கட்டினார். ஒவ்வொரு கட்டையையும் வெளிச்சத்தில் பிடித்து, மங்கியதுதானா என்று உறுதிப்படுத்திக்கொண்டு பொருத்தினார். கட்டி முடித்ததும் கைவலம் யார் வருவது என்ற பேச்சு எழுந்தது. வடிவமைத்தவர் வரக்கூடாது, கட்டியவர் கை பழகியிருக்கும், அதுவும் நியாயமில்லை என்றார் மருத்துவர். என் மனைவி கையில் தேநீர்த் தட்டு. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தச் சொல்லை உருவாக்கியவன் நான். அந்தச் செயலை ஒருமுறையும் செய்ததில்லை.

தூக்கினேன். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. கூடத்தின் ஓரமாக மெதுவாக நடந்தேன்.

“சத்தம் இல்லாம செல்லாது சார்,” என்றார் மருத்துவர்.

“தம்பி, சாரை விடு. பாவம், அவர் இலக்கணத்தோட சத்தம் போடுவார்,” என்றார் அக்கா.

சத்தம் போட்டேன். எப்படிப்பட்ட சத்தம் என்று விவரிக்கும் அவசியமில்லை. ஏறினேன், இறங்கினேன், சன்னலருகே இடதுபக்கம் சாய்த்துத் திருப்பினேன். இடது இறக்கை என் கண்ணுக்கு நேராக இருந்தது. அதைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. அது நின்றது. சாப்பாட்டு மேசையைச் சுற்றி மறுபடியும் கதவுப் பக்கம் வரும்போது மகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். விமானத்தை அவள் முன்னால் இறக்கி வைத்தேன். அவள் இறக்கையைத் தொடவில்லை. கூரையைத் திறந்து உள்ளே பார்த்தாள். பொம்மை கம்பியை விட்டிருக்கவில்லை.

இந்தப் புதிய வடிவமைப்பு அடுத்த மாதம் சங்கப் பக்கத்தில் வெளியாகிறது. இம்முறை ஒருவரல்லர், விருப்பமுள்ள எவரும் கட்டிப் பார்த்து எழுதலாம் என்று சங்கம் அறிவித்திருக்கிறது. முன்னோட்டப் படத்தைப் பார்த்த ஒருவர், ‘செவிலியருக்கு இருக்கை வைக்க மறந்துவிட்டார்கள் போலும்’ என்று அதற்குள் எழுதிவிட்டார். மறக்கவில்லை. அந்தச் செவிலியரிடம் இதைக் காட்டினேன். படித்துவிட்டு, பரவாயில்லை அப்பா, பதில் எழுதாதீர்கள் என்றாள். ஆகவே அவருக்குப் பதில் எழுதவில்லை. உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் கட்டைகள் இருக்கும். புதியவற்றைத் தேடாதீர்கள். பிள்ளைகள் கடித்தவை, வெயிலில் காய்ந்தவை, சோப்பு நீரில் ஊறியவை, பிடிப்பே போனவை என்று எது மிக மோசமாக இருக்கிறதோ அதை எடுத்துக் கட்டுங்கள். தூக்குங்கள், சாயுங்கள், சத்தம் போடுங்கள். ஏதாவது விழுந்தால், ஒரு தகப்பன் இவ்வளவு எழுதியிருக்கிறானே என்று இரக்கப்பட்டு மறைக்காதீர்கள். விழுந்தது என்று எழுதுங்கள். எது விழுந்தது, எந்த இடத்திலிருந்து விழுந்தது, எப்படிப்பட்ட கட்டையால் கட்டியபோது விழுந்தது என்பதையும் எழுதுங்கள். முழு வாக்கியத்தில் எழுதுங்கள். அதை அவள் படித்துத் திருத்திக்கொள்வாள். மறுநாள் காலை ஒரு குழந்தை ஏறவேண்டியிருக்கிறது.